ஹாவ்லக் கடலடியில்

சென்ற ஆண்டு கொல்கத்தாவிலிருந்து கப்பலேறி அந்தமான் சென்றோம். 2018 முதல் சுவராஜ் தீவு எனப்படும் ஹாவ்லக்கில் கடலுள் மூழ்கிப் பவளப்பாறை காண, இரயில்வே குமாஸ்தா ஊதியத்தில் ஈராண்டு சேமித்திருந்தேன். முந்தின இரவே மாதவிலக்கு நேர்ந்தது. "இந்நாளில் கடலில் இறங்கலாகாது, சுறா வரும்" என்றார் நாத்தனார். 12 வயது மகள் என் முகத்தையே நோக்கினாள்.

கப்பலில் அணையாடை எறிய இடம் தேடவேண்டாமென்று, வீட்டிலேயே மும்மாதம் பழகிய சிலிக்கோன் மாதவிடாய்க் கோப்பையைக் கொண்டுசென்றிருந்தேன். கொதிநீரில் தூய்மை செய்து மடித்து உட்செலுத்தினால் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். மென்மையான கோப்பை அதற்கு வளைந்துகொடுக்கும். சுறா அச்சத்திற்கோ ஆதாரமில்லை.

இறங்கினேன், பவளத்தினூடே வண்ணமீன் கூட்டம் கண்டேன். கரையேறியதும் மகள் கேட்டாள்: "அம்மா, எந்நாளிலும் இறங்கலாமா?"

"இறங்கலாம், கண்ணே" என்றேன். நாத்தனார் மறுக்கவில்லை.