மடியே முதல் பள்ளி

ஜூன் மாதம் பிறந்தால் போதும். நம் செம்பாக்கத்துத் தெருமுனைகளில், நான்கு வயதும் நிறையாத பிஞ்சுகள் முதுகில் பையுடன் பள்ளி வேனுக்குக் காத்து நிற்கக் காண்கிறோம். மாலையில் அவர்களை வரவேற்கும் முதல் கேள்வி, “இன்று என்ன எழுதினாய்?” என்பதே. “என்ன கதை கேட்டாய்?” என்று வினவுவோர் அரிது.

நம் தெருவில் வாழும் தாய் ஒருவர் ஒருநாள் மனம் நொந்து சொன்னார்: “நான் எட்டாவதோட நின்னுட்டேங்க ஐயா. இங்கிலீஷும் வராது. பிள்ளைக்கு நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க முடியும்?” இரவுதோறும் மகளை மடியில் கிடத்திக் கதை சொல்பவர் அவர். வாசிப்புக்குத் தாமே அடித்தளம் இட்டுக்கொண்டிருப்பதை அவர் அறியவில்லை.

வாசிப்பு கண்ணில் தொடங்குவதன்று; காதில் தொடங்குவது. ப, ட, ம் என்று குழந்தை ஒலிகளைக் கூட்டும்போது, ‘படம்’ என்ற சொல் அதற்கு முன்பே பழக்கமாயிருந்தால்தான் பொருள் சட்டெனப் பளிச்சிடும். கேட்டறியாத சொல் வெறும் ஓசையாகவே நின்றுவிடும். தமிழில் 247 எழுத்துகள் என்று நாம் மலைக்கவும் வேண்டியதில்லை. 12 உயிரும் 18 மெய்யும், அவற்றை இணைக்கும் கால், கொம்பு முதலிய குறிகளும் பிடிபட்டால், மற்றவை படிப்படியாக வசப்படும்.

1907இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். தம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும்படி அவரை வேண்டியவர்கள், எழுத்தறியாத தாய்மார்களே! உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லப் பழக்கினார் அவர். 1939இல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் பயின்ற நம் திண்ணைப் பள்ளி மரபும் இதற்கு நெருங்கிய உறவே அல்லவா?

ஆகவே பெற்றோரே, பென்சிலைத் திணிக்க அவசரப்பட வேண்டாம். தட்டில் பரப்பிய அரிசியிலோ கோலமாவிலோ பிஞ்சு விரல்கள் முதலில் விளையாடட்டும். கடைவீதிக்குச் செல்கையில் பெயர்ப்பலகைகளைக் காட்டுங்கள். செம்பாக்கம், ராஜகீழ்பாக்கம் இரண்டிலும் ‘பாக்கம்’ ஒலிக்கிறது. கௌரிவாக்கம், மேடவாக்கம் இரண்டிலும் ‘வாக்கம்’ ஒலிக்கிறது. இந்த ஒற்றுமையைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். இரவில் படக்கதை நூல் ஒன்றை எடுத்து, வரியின் கீழ் விரலை ஓட்டி வாசியுங்கள். கேட்ட கதையையே மீண்டும் கேட்டால் சலியாமல் சொல்லுங்கள். வாசிக்க இயலாதவர், படத்தைப் பார்த்துத் தம் சொந்தச் சொற்களில் சொல்லலாம். தந்தையருக்கும் இதில் பங்குண்டு. வீட்டு மொழியில் வேர் ஊன்றிய பிள்ளைக்கு ஆங்கிலமும் எளிதாகும்.

பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன்படவும் தயங்காத நாம், இந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்கத் தயங்கலாமா?