பத்தரின் பதிவேடு

பட்ஜெட்டில் தங்கத்துக்குச் சுங்க வரி ஏறியதா இறங்கியதா என்ற பேச்சு வரும்போதெல்லாம், கும்பகோணத்தில் எங்கள் தெருவில் இருந்த பத்தர் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறார். 2022-இல் வரியை 15 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். 2024 ஜூலையில் 6 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். இரண்டு முறையும் தொலைக்காட்சியில் அந்நியச் செலாவணி, நடப்புக் கணக்குப் பற்றாக்குறை என்று வெகு நேரம் பேசினார்கள். பட்டறையில் குனிந்து ஊதுகிறவரைப் பற்றி, நான் கேட்டவரையில், பேச்சே இல்லை. 1963-இலும் அப்படித்தான் இருந்தது.

பத்தரின் பட்டறை, திண்ணையை ஒட்டிய சின்ன அறை. சட்டியில் உமிக் கனல், பக்கத்தில் ஊதுகுழல், சாமணம், கம்பி இழுக்கும் அச்சு, சிரட்டையில் வெங்காரம், எடைக்குக் குன்றிமணி. கல்யாணம் வைத்த வீட்டார் பாட்டி காலத்து அட்டிகையைக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். கண்ணெதிரே உருக வேண்டும், கண்ணெதிரே எடை போட வேண்டும். மூசையில் தங்கம் இளகி உருண்டு நிற்கும்போது அந்த வீட்டு அம்மாள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மாலையில் தரையைப் பெருக்கிய குப்பையைக்கூடப் பத்தர் வெளியே கொட்டமாட்டார். அரப்பொடியில் கலந்திருக்கும் பொன்னுக்காகத் தகர டப்பாவில் சேர்த்துவைப்பார். பொன் என்றால் இத்தனை கவனம் வேண்டும் என்பதை நான் அந்த டப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1962 கடைசியில் சீனப் போர். பாதுகாப்பு நிதிக்கு என்று பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் கொடுத்தார்கள், மனமுவந்து கொடுத்தார்கள். அந்த ஈரம் காய்வதற்குள், 1963 ஜனவரியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாடு வந்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். இனி 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன் இருக்கும்; 14 காரட்டில் 58.5 பங்குதான்.

அரசு சொன்ன காரணம் பொருளற்றது அல்ல. கடத்தல் தங்கம் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஈடாக நாட்டுச் செல்வம் வெளியே போயிற்று, போருக்கோ அந்நியச் செலாவணி வேண்டும். ஜனங்களுக்குத் தங்கத்தின் மேல் இருக்கும் ஆசை குறைந்தால் கடத்தலும் தானே குறையும் என்பது கணக்கு. மொரார்ஜி அதை மனசார நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் ஆசை ஒன்றின் மேல் நின்றது. ஓர் அம்மாளுக்கு எதன் மேல் ஆசை இருக்கலாம், எதன் மேல் கூடாது என்று டெல்லியில் தீர்மானிக்க முடியும் என்பதே அதன் அஸ்திவாரம். 14 காரட்டில் தாலி செய்துகொள்ள எந்த வீடு சம்மதிக்கும்?

வேலை நின்றது. நாடெங்கும் பத்தர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் பேப்பரில் வந்தன. பெரியவர்கள் அந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிடுவார்கள். எங்கள் பத்தர் ஒருநாள் அப்பாவிடம் வந்து நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"வாத்தியார் சார், எனக்குக் கை இருக்கு. அவங்ககிட்ட பொன் இருக்கு. ரெண்டு பேருக்கும் சம்மதம். நடுவில யாருக்கு நஷ்டம்?"

அப்பா பதில் சொல்லவில்லை. பிறகு நான் ஆடம் ஸ்மித்தைப் படித்தேன், ஹயெக்கைப் படித்தேன். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 1955-இல் தனியாளாக மறுப்புக் குறிப்பு எழுதிய பி.ஆர். ஷெனாயைப் பற்றியும் படித்தேன். சுதந்திரவாதம் என்று அவர்கள் விரித்துச் சொன்னதெல்லாம் பத்தரின் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருந்தது.

அப்பா ராஜாஜியின் பக்கம். 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கியபோது அவருக்குப் பெரிய நம்பிக்கை. அதற்கு வேர் 1952-இல் இருந்தது. அந்த ஆண்டு ராஜாஜி முதலமைச்சராக வந்து சில வாரங்களிலேயே அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். யுத்த காலத்திலிருந்து இருந்த ரேஷன் அது. நெல் விளையும் தஞ்சை ஜில்லாவிலேயே அரிசி மூட்டையை ஒளித்து எடுத்துப்போன கதைகளை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். மகள் வீட்டுக்கு நாலு படி அரிசி கொண்டுபோனவர்கூடக் குற்றவாளி. கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும், பதுக்குவார்கள் என்று எச்சரித்தவர்கள் நிறைய. டெல்லியில் உணவமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். எடுத்தார்கள். பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது. பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று பின்னாளில் ராஜாஜி சொன்னபோது, அப்பாவுக்கு அது புத்தகச் சொல்லாகப் படவில்லை. அரிசி மூட்டையாகவே பட்டது.

ஆனால் ராஜாஜியை நான் முழுசாக ஏற்றவன் இல்லை, அன்றும் இன்றும். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1953-இல் பள்ளியில் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பது என்று திட்டம் போட்டவரும் அவர்தான். அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் பதவி விலகினார், 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். பத்தர் பிள்ளை பத்தராக வேண்டும் என்று பள்ளிக்கூடமும் சொல்லக் கூடாது. பத்தர் இனிப் பத்தர் வேலை செய்யக் கூடாது என்று கஜானாவும் சொல்லக் கூடாது. தொழிலில் நுழையவும் இருக்கவும் விட்டுப் போகவும் அவனவனுக்கு உரிமை வேண்டும். இதில் ஒரு பாதியை மட்டும் பேசுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். பத்தருக்கு இரண்டு பாதியும் தேவையாக இருந்தது. அவருடைய பெரிய மகன் குலத்தொழில் வேண்டாம் என்று படித்து வேலைக்குப் போக ஆசைப்பட்டான், அவர் தடுக்கவில்லை. சின்னவனுக்குக் கை நன்றாக வந்தது. அவன்தான் பட்டறை இல்லாமல் போனவன்.

1966-இல் அந்த 14 காரட் விதியை எடுத்துவிட்டார்கள். கட்டுப்பாடு போகவில்லை. 1968-இல் தனிச் சட்டமாகவே வந்தது. கட்டித் தங்கம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, வியாபாரிக்கு லைசென்ஸ், பத்தருக்குச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் கணக்கு. எங்கள் பத்தருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். எடையோ விரல் நுனியில் இருந்தது. ஒரு மோதிரத்தைக் கையில் வாங்கி இத்தனை குன்றிமணி என்றால் தராசு அதைத்தான் சொல்லும். அப்படிப்பட்டவர் கட்டம் போட்ட பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு வருவார். யார் கொடுத்தது, எத்தனை எடை, என்ன செய்தது, மிச்சம் எவ்வளவு. அப்பா எழுத, அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டல் ஒரு வரி தவறினாலும் அது கடத்தல் தங்கமாகிவிடும் என்ற பயம். களவு அறியாத மனிதர் தன் வீட்டிலேயே திருடனைப்போல நடுங்கியதை நான் பார்த்தேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1969-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பல பிரிவுகளைச் செல்லாது என்றது. லைசென்ஸ் தருவதையும் மறுப்பதையும் தெளிவில்லாத சொற்களில் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட பிரிவும் அவற்றில் ஒன்று. சட்டத்தைத் திருத்தி மீண்டும் நிலைநிறுத்தினார்கள்.

கடத்தல் என்ன ஆயிற்று? அதை நிறுத்தத்தானே எல்லாம். எங்கள் ஜில்லாவின் வேதாரண்யம் கரையில் அது ஒரு தொழிலாகவே வேர்விட்டது. வெளிநாட்டு முத்திரை போட்ட பத்துத் தோலா பிஸ்கட் என்பது சினிமாவில் குழந்தைகளுக்கும் தெரிந்த பொருளாயிற்று. பத்தரிடம் பதிவேடு இருந்தது, படகுக்காரனிடம் இல்லை. கட்டுப்பாட்டின் பாரம் முழுவதும் கீழ்ப்படிகிறவன் தலையில்தான் இறங்கியது.

தங்கம் முடங்கிக் கிடக்கும் முதலீடு, உற்பத்திக்கு உதவாது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பெண்ணின் நிலையிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். எங்கள் அம்மாவின் பெயரில் நிலம் இல்லை, வீடு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-இல்தான். அதுவரை அவள் கையில் அவளுக்கென்று இருந்தது எட்டுப் பவுன் சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும். தாத்தாவின் வைத்தியத்துக்கும் என் காலேஜ் பீசுக்கும் அதுதான் அடகுக்கடை ஏறி இறங்கியது. அவளைக் கேட்காமல் அதைத் தொட அப்பாவுக்குக்கூட அதிகாரம் கிடையாது. முடங்கிய முதலீடா அது? தனிமனித சொத்துரிமை என்றால் ஜமீன்தாரையும் முதலாளியையும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அம்மாவின் சங்கிலிதான் தோன்றும்.

1990-இல் மது தண்டவதே நிதியமைச்சராக இருந்தபோது சட்டத்தை ரத்து செய்தார்கள். அது படிப்பில்லாத சிறு பத்தர்களை அலைக்கழித்தது என்று அரசே ஒப்புக்கொண்டது. பதிவேட்டைக் கொளுத்தப் பத்தர் இல்லை, காலமாகிவிட்டார். சின்ன மகன் வேறு ஊரில் வேறு வேலையில் இருந்தான். இருபத்தேழு வருஷம் ஒரு கைத்தொழிலுக்குச் சின்ன இடைவெளி அல்ல. உமிச்சட்டி முன்னால் கற்க வேண்டிய ஒரு தலைமுறை கற்காமலே போயிற்று.

ஆனாலும் அந்தப் பழைய நம்பிக்கை போய்விடவில்லை. 2013-இல் வரியை 10 சதவீதமாக்கி, இறக்குமதி செய்யும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தார்கள். விமான நிலையங்களில் கடத்தல் தங்கம் பிடிபடும் செய்திகள் பெருகின. 2014 நவம்பரில் அந்த விதியைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது கடைகளில் 14 காரட் நகை விற்கிறது. யாரும் உத்தரவு போடவில்லை. விலை ஏறியது, வாங்குகிறவர்கள் யோசித்தார்கள். அண்ணன் பேத்தி ஆபீசுக்குப் போட்டுக்கொள்ள அப்படி ஒரு சங்கிலி வாங்கினாள். "தினசரிக்கு இது போதும் தாத்தா, தாலிக்கொடியை 22-லயே பண்ணிக்கறேன்" என்றாள். கடைக்காரர் லென்ஸ் வைத்து ஹால்மார்க் முத்திரையைக் காட்டினார். இந்த முத்திரையை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விற்கிறவன் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது அரசின் வேலை. எதை வாங்கலாம் என்பதைச் சொல்ல அவள் இருக்கிறாள். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு கடைகளுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்த விலக்கை எழுதிச் சேர்த்தவர் யாரோ, ஒரு பத்தரையாவது நேரில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.