சி ஃபார் சுருட்டு

இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறில் 'சி'யைப் போல ஒரு பச்சோந்தி கிடையாது. சொந்தக் குரலே இல்லாத எழுத்து. 'காபி'யில் 'கே' மாதிரி பேசும். 'சினிமா'வில் 'எஸ்' மாதிரி பேசும். பக்கத்தில் ஒரு 'ஹெச்' வந்து உட்கார்ந்துவிட்டால் 'சேர்' என்று மூன்றாவது குரல். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். எந்த மேனேஜர் மாற்றலாகி வந்தாலும் மறுநாளே அவர் குரலில் பேசுவார்.

போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிற பையன்களைப் பாடாய்ப் படுத்துவதும் இந்த 'சி'தான். தென்னூரில் எங்கள் எதிர் வீட்டுப் பையன் பி.காம். முடித்துவிட்டு பாங்க் பரீட்சைக்குத் தயார் செய்கிறான். நானும் பி.காம். என்பதாலும், பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு எல்லா வார்த்தையும் தெரியும் என்கிற மூடநம்பிக்கையாலும், சாயங்காலமானால் நோட்டோடு வந்துவிடுவான். நாளைக்கு ஒரு எழுத்து, எழுத்துக்கு ஐம்பது வார்த்தை, அர்த்தத்தோடு மனப்பாடம். இதுதான் அவன் திட்டம். ஏ, பி தாண்டி மூன்றாம் நாள், "தலை சுத்துதுண்ணே" என்றான்.

"பயப்படாதேடா. இந்தப் பக்கத்துல நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் இருக்குதுங்க" என்றேன். நம்பவில்லை.

நிஜம்தான் சார். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து துணியையும் மிளகையும் மட்டுமா ஏற்றிக்கொண்டு போனார்கள்? வார்த்தைகளையும் ஏற்றினார்கள். தமிழில் 'க'விலும் 'ச'விலும் ஆரம்பித்த சில வார்த்தைகள் அங்கே போய் 'சி' என்கிற ஒரே வீட்டில் கூட்டுக் குடித்தனம் செய்கின்றன.

முதலில் சுருட்டு. அதுதான் இங்கிலீஷில் 'செரூட்'. ஸ்பெல்லிங், சி-ஹெச்-இ-ஆர்-ஓ-ஓ-டி. அர்த்தம், இரண்டு முனையும் திறந்திருக்கிற சுருட்டு. தென்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் உறையூரில் சுற்றியதற்குச் சீமையில் ஏக மவுசு. 'ட்ரிச்சினாப்பொலி' என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே சுருட்டு என்று அர்த்தம். 1887-ல் வந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையில், சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது ட்ரிச்சினாப்பொலி என்று துப்பறிகிறார். நம் ஊர் சாம்பலுக்கு அவ்வளவு மரியாதை!

அடுத்தது கட்டுமரம். வில்லியம் டேம்பியர் என்ற கடலோடி 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்திலேயே அது 'கேட்டமரான்' ஆகிவிட்டது. நம் மீனவர் மரங்களைச் சேர்த்துக் கட்டினார்; அவர்கள் இன்று இரண்டு உடம்புள்ள படகை அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள். பழைய அகராதிகளில் இன்னோர் அர்த்தமும் உண்டு: சண்டைக்காரப் பெண்மணி. "இதை மட்டும் சத்தம் போட்டுப் படிக்காதே" என்று பையனை எச்சரித்தேன். சமையலறையில் ஆள் இருந்தது.

கறி 'கர்ரி' ஆனது எல்லோருக்கும் தெரியும். ஹேனா கிளாஸ் என்ற அம்மாள் 1747-ல் போட்ட சமையல் புத்தகத்திலேயே செய்முறை வந்துவிட்டது. ஆனால் பரீட்சையில் 'கர்ரி ஃபேவர்' என்று வந்தால் குழம்பைத் தேடாதீர்கள். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, குதிரையைத் தேய்த்துவிடுகிற சமாசாரம். நம் பாஷையில் காக்கா பிடிப்பது.

காசுக்கும் இப்படி ஓர் இரட்டைப் பிறவி உண்டு. பி.காம். படித்த நாங்கள் எழுதி எழுதித் தேய்ந்த 'கேஷ் புக்'கில் இருக்கிற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கிற பிரெஞ்சு, இத்தாலிய வார்த்தையிலிருந்து வந்தது. சின்ன நாணயத்துக்கு வெள்ளைக்காரன் சொன்ன 'கேஷ்'தான் போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போன நம் காசு. எழுத்து ஒன்று, வம்சம் வேறு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை. சுருட்டை 'செரூட்' என்று சொன்ன துரையை யாரும் இண்டர்வியூவில் பார்த்துச் சிரித்ததில்லை. நம் பையன் 'பி'யை ஒரு பிடி அழுத்திச் சொன்னால்தான் எதிரே இருக்கிற நாலு பேருக்கும் சிரிப்பு வருகிறது.

அடுத்த வார்த்தையில் பையன் நின்றுவிட்டான். 'கூலி'. நோட்டில் அர்த்தம் எழுதியிருந்தது: மூட்டை தூக்குபவன்.

அவன் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்.

"இதை விட்டுடலாமாண்ணே?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "போன தடவை ஒரு கம்பெனி இண்டர்வியூல அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. பிசினஸ்னு சொன்னேன். என்ன பிசினஸ்னாங்க." அதற்கு மேல் சொல்லவில்லை.

1886-ல் வந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி இந்த வார்த்தைக்கு குஜராத் பக்கத்து 'கோலி' சமூகத்தையும் காட்டுகிறது, நம் கூலியையும் காட்டுகிறது. எப்படியோ, 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்கு ஒப்பந்த வேலைக்குப் போன நம் ஜனங்களின் நெற்றியில் இந்த வார்த்தையை ஒட்டினார்கள். பிற்பாடு அங்கே போன வியாபாரியும் கூலி, வக்கீலும் கூலி. காந்திக்கே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் பெயர்.

"உன் நோட்டுல அர்த்தம் தப்புடா" என்றேன். "தமிழ்ல கூலின்னா ஆள் இல்லை. உழைச்சதுக்கு வாங்கற காசு. உழைக்கிறவர் கூலியாள். வெள்ளைக்காரன் கூலியை எடுத்துக்கிட்டு ஆளை விட்டுட்டுப் போயிட்டான். நீ பி.காம். முடிச்சது அந்தக் காசுலதானே? பொய் சொல்ல வேண்டிய கணக்கா அது?"

பையன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். "அப்ப இங்கிலீஷ்ல என்னண்ணே சொல்றது?"

"மார்க்கெட்ல என்ன சொல்றாங்க?"

"லோடுமேன்."

"அதையே சொல்லு."

"நல்ல இங்கிலீஷாண்ணே அது?"

'செரூட்' நல்ல தமிழா என்று எந்தத் துரை கேட்டான்? அதோடு, வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன ஆளை, காந்தி மார்க்கெட்காரர்கள் கடைசியில் ஒரு 'மேன்' போட்டுத் திரும்பச் சேர்த்திருக்கிறார்களே!

அவன் திட்டப்படி 'எல்' எழுத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்கே எழுதிக்கொண்டான்.