மல்லாங்கிணற்றுக் கரிசலில் கேட்ட குரல்



இரவில் தனிவழியே நடக்கும்போது யாரோ உங்களை அழைத்ததுபோல் என்றேனும் கேட்டதுண்டா? திரும்பிப் பார்த்தால் ஆளரவமற்ற வெட்டவெளி. வீடு வந்து அதைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு கதை சொல்வார். கண்ணால் கண்ட முனி, காதால் கேட்ட சிரிப்பு, கண்மாய்க் கரையில் அலைந்த கொள்ளிவாய்ப் பிசாசு என்று பேச்சு நள்ளிரவுவரை நீளும். என்னிடமும் அப்படியொரு கதை உண்டு. அதைப் பல ஆண்டுகள் பெருமையோடு சொல்லித் திரிந்தேன். இன்று வருத்தத்தோடு சொல்கிறேன். அந்த வருத்தத்தின் காரணத்தைத்தான் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் சாலையில் இருக்கிறது மல்லாங்கிணறு. இன்று அது ஒரு பேரூராட்சி. 1985இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு இப்பகுதி முழுவதும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தெற்கே அருப்புக்கோட்டை, தென்கிழக்கே திருச்சுழி என்று விரியும் இந்த வறண்ட சீமை, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி வாழ்வது. பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் மல்லியும் விளையும் கரிசல் மண், சித்திரை வைகாசியில் கைநுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு பக்கம் சீமைக் கருவேலங்காடு. மறுபக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனைமரங்கள். ஊர்ப் பெயரிலேயே ஒரு கிணறு இருப்பதைப் பாருங்கள். தண்ணீர் அரிதான நாட்டில் கிணறுதான் செல்வம். கைவிடப்பட்ட கிணறுதான் அச்சம்.

நான்கு அச்சங்கள்

1974ஆம் ஆண்டுக் கோடை. எனக்குப் பத்து வயது. என் தாயின் தந்தையை நாங்கள் நன்னா என்று அழைப்போம். அருப்புக்கோட்டையில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துவந்த அவர், சரக்கு எடை போடுவதற்காக மல்லாங்கிணற்றுக்கு அப்பால் இருந்த ஒரு சிற்றூருக்குப் புறப்பட்டார். பள்ளி விடுமுறையாதலால் நானும் தொற்றிக்கொண்டேன். வழியில் பேருந்து பழுதாகி நின்றது. நாங்கள் மல்லாங்கிணற்றில் இறங்கியபோது மஃரிப் கடந்து இருள் கவிந்துவிட்டது. ஒரு திண்ணையோரம் இஷாவைத் தொழுதுவிட்டு, மூன்று கட்டை டார்ச் விளக்குடன் வண்டிப்பாதையில் நடக்கத் தொடங்கினோம்.

சற்றுத் தொலைவு சென்றதும் பாதையின் நடுவே, தரையோடு தரையாக, இரண்டு செந்தணல்கள் ஒளிர்ந்தன. நான் நன்னாவின் சட்டையைப் பற்றிக்கொண்டேன். அவர் நிற்கவில்லை. விளக்கைத் தாழ்த்தாமல் நெருங்கினார். தணல்கள் சட்டென எழும்பிச் சத்தமின்றிப் பறந்து மறைந்தன. “பக்கிடா. ராத்திரியில பூச்சி பிடிக்கிற குருவி” என்றார். அதன் கண்ணுக்குள் கண்ணாடிபோல் ஒரு படலம் உண்டு என்றும், விழும் ஒளியை அது திருப்பி அனுப்புவதால் கண் நெருப்பாய்த் தெரிகிறது என்றும் பின்னாளில் படித்தேன். நம் நாட்டார் மட்டுமா அஞ்சினர்? இந்தப் பறவை இரவில் ஆட்டு மடியில் பால் குடிக்கிறது என்று ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த காப்ரிமல்கஸ் என்ற பெயருக்கே ‘ஆடு கறப்பது’ என்றுதான் பொருள்!

அடுத்து ஓர் அழுகை. யாரோ ஒரு பெண் தொலைவில் விட்டுவிட்டு ஓலமிடுவதுபோல் எழுந்து, உச்சத்துக்கு ஏறி, தேய்ந்து அடங்கியது. மறுபுறத்திலிருந்து இன்னொரு குரல் அதற்கு மறுமொழி கூறியது. நன்னா என்னைப் பாதையோரத்தில் உட்காரவைத்து, “பொறுமையா கேளு. குரல் நகருதா, ஒரே இடத்துல இருக்குதா?” என்று கேட்டார். குரல் நகர்ந்தது, ஓடியது. அது கண்கிளப்பி என்னும் பறவை. பகலெல்லாம் கரட்டு நிலத்தில் கல்லோடு கல்லாக அசையாமல் இருந்து, அந்தி சாய்ந்தபின் இரை தேடும். அதன் பெரிய மஞ்சள் கண்களை மறுநாள் காலை நானே பார்த்தேன்.

மூன்றாவதாகக் கண்மாய்ப் பக்கம் நெருப்பு. சிவந்த வாய் ஒன்று திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கொள்ளிவாய்ப் பிசாசு என்று நான் அலறிவிட்டேன். நன்னா ஆயத்துல் குர்ஸி ஓதியவாறே நேராக அதை நோக்கி நடந்தார். அருகில் போனால், கரிமூட்டம்! கருவேல விறகை அடுக்கி, இலைதழை பரப்பி, மேலே மண் பூசி, நாட்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனியவிடும் மூட்டம். மண் வெடித்த இடத்தில் தீ வெளியே எட்டிப்பார்க்க, காவலிருந்தவர் ஈரமண்ணை அள்ளி அப்பிக்கொண்டிருந்தார். அவர் குறுக்கே போய்வந்ததால்தான் வாய் திறந்து மூடியது. எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தவரும் அவரே.

நான்காவதுதான் என் கதை. சிற்றூரை நெருங்கும் இடத்தில் ஒரு பாழுங்கிணறு. துவளைக்கல் சரிந்து, உள்சுவரில் ஆலங்கன்று முளைத்துக் கிடந்தது. அதைக் கடக்கும்போது, “ராவுத்தரே!” என்று ஒரு குரல். தெளிவாக, ஒரே ஒருமுறை. நானும் கேட்டேன், நன்னாவும் கேட்டார். இரவில் அழைக்கும் குரலுக்கு மூன்றுமுறை கேட்காமல் பதில் சொல்லக்கூடாது என்பது அந்தச் சீமையின் வழக்கம். நன்னாவோ உடனே, “யாரப்பா அது?” என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. கிணற்றோரம் சென்று உள்ளே விளக்கடித்தார். காய்ந்த சருகுகள் தவிர எதுவும் இல்லை. சுற்றிவந்து பார்த்தார். ஒருவரும் இல்லை.

“என்ன நன்னா அது?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியலை அத்தா. அல்லாஹ்தான் அறிவான்” என்றார்.

அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

கதை வளர்ந்தது

மறுநாள் காலை அவ்வூர்ப் பிள்ளைகளிடம் சொன்னேன். பக்கியும் கண்கிளப்பியும் கரிமூட்டமும் அவர்களுக்குப் பழகியவை. அவற்றில் சுவை இல்லை. கிணற்றுக் குரலுக்கு மட்டும் கண்கள் விரிந்தன. ஆகவே அதற்குச் சற்று மெருகேற்றினேன். குரல் மூன்றுமுறை அழைத்தது என்றேன். கிணற்றுக்குள் ஒரு வெள்ளை உருவம் நின்றது என்றும் சேர்த்தேன். அடுத்த கோடையில் போனபோது என் கதையையே எனக்குச் சொன்னார்கள். அதில் அந்த உருவம் ராவுத்தரின் கையைப் பிடித்து இழுத்திருந்தது!

1981இல் மழை பொய்த்தது. கைவிட்ட அந்தக் கிணற்றைத் தூர்வாரினால் ஊற்று கிடைக்கும் என்று ஓர் இளைஞர் கயிறு கட்டி இறங்கினார். பாதி ஆழம் போனவர் பேச்சின்றிச் சாய்ந்து விழுந்தார். மேலே நின்றவர்கள், “ராவுத்தரைக் கூப்பிட்டது இவனைப் பிடித்துக்கொண்டது” என்று கூவிப் பின்வாங்கினார்கள். மந்திரிப்பவரை அழைத்துவர ஒருவர் அடுத்த ஊருக்கு ஓடினார். பொன்னான நேரம் கழிந்தது. இளைஞரின் அண்ணன் குதிக்க முற்பட்டபோது, இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அவரை மறித்து, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். சில அடிகளில் விளக்கு அணைந்தது. பின்னர் தழைக்கட்டைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசி, வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டிக் காற்றைக் கலக்கி, கொக்கி போட்டு இளைஞரைத் தூக்கினார்கள். உயிர் பிரிந்திருந்தது. அண்ணன் மட்டும் தப்பினார்.

இறுதிச் சடங்குக்குப் போய்வந்த நன்னா என்னை அருகழைத்துக் கேட்டார்: “அந்தக் கிணத்துக் கதையை நீ எப்படிச் சொன்னே?”

எனக்கு அப்போது பதினேழு வயது. தலைநிமிர்த்திப் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது என்ற நபிமொழியை நினைவூட்டிவிட்டு அவர் எழுந்து போனார். நானோ கேட்டதை மட்டுமா சொன்னேன்?

வாசகரே, அந்தக் கிணற்றில் நடந்தது இதுதான். மூடிக்கிடக்கும் ஆழக் கிணற்றில் சருகும் தழையும் அழுகும்போது பிராணவாயு குறைகிறது, கரியமிலவாயு பெருகுகிறது. அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானதாகையால் அடியில் தங்கிவிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்குபவர் எச்சரிக்கை ஏதுமின்றி மயங்குகிறார். காப்பாற்ற இறங்குபவரும் அவர்மேலேயே விழுகிறார். விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. விளக்கு எரிந்தாலும் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வேறு நச்சுவாயுக்கள் இருக்கலாம். ஒருவர் விழுந்துவிட்டால், பின்னால் குதிக்க இருப்பவரைப் பிடித்து நிறுத்துங்கள். 101 அல்லது 112 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

மறைவானதும் அறியாததும்

மறைவானவற்றை நம்புவது நம் ஈமானின் பகுதி. ஜின்கள் பெயரில் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு, அது 72ஆவது. ஆனால் மறைவானது வேறு, நாம் அறியாதது வேறு. நமக்குக் காரணம் தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஜின் என்று பெயரிடும்படி மார்க்கம் சொல்லவில்லை. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம். செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்பது மறையின் எச்சரிக்கை.

கொலையுண்டவரின் ஆவி ஆந்தையாகி அலறுகிறது என்று அறியாமைக்கால அரபுகள் நம்பினர். ‘ஹாமா’ எனும் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்தார்கள். அருமை மகனார் இப்ராஹீம் இறந்த நாளில் சூரியகிரகணம் பிடித்தது. மக்கள் அதை மரணத்தோடு இணைத்துப் பேசினர். தமக்குப் பெருமை சேர்க்கும் அந்தப் பேச்சைக்கூட நபிகளார் ஏற்கவில்லை; எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், உயிரினங்களைப் பற்றிய தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில், பாலைவனத் தனிமையில் மனிதனுக்குச் சிறியது பெரிதாகத் தெரிவதையும், இல்லாத ஓசை கேட்பதையும் ஆராய்ந்திருக்கிறார். நம் கரிசல்காட்டுத் தனிமைக்கும் அது பொருந்தும்.

தவறாகச் சூட்டிய பெயர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தொலைதூரம் போகவேண்டாம். இதே பழைய இராமநாதபுரம் சீமையின் கடற்கரையில் இருக்கிறது ஏர்வாடி. பேய் பிடித்தது, ஜின் பிடித்தது என்று சொல்லி மனநோயாளிகள் பலர் அங்கே கொண்டுவந்து விடப்பட்டார்கள். 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அதன்பின் அத்தகைய கொட்டகைகள் மூடப்பட்டன. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்க ‘தவா–துவா’ எனும் திட்டம் தொடங்கப்பட்டது. மருந்தும் வேண்டும், பிரார்த்தனையும் வேண்டும் என்பதே அதன் பொருள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தனக்குத்தானே பேசினால், உறக்கமின்றி அஞ்சினால், துஆச் செய்யுங்கள். அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

சென்ற ஆண்டு மீண்டும் மல்லாங்கிணற்றுக்குப் போயிருந்தேன். வண்டிப்பாதை தார்ச்சாலையாகியிருக்கிறது, தெருவிளக்குகள் வெண்ணிறமாக எரிகின்றன. அந்தக் கிணற்றை மண்போட்டு மூடிவிட்டார்கள். இறந்தவரின் அண்ணன் முதியவராகித் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் கைகளைப் பற்றிக்கொண்டு என் சிறுவயதுப் பொய்யைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “பேரப்பிள்ளைங்க இப்பவும் அந்தக் கதையைத்தான் சொல்லுதுக. நீங்களே அதுகளுக்கு நெசத்தைச் சொல்லிட்டுப் போங்க தம்பி” என்றார். சொன்னேன்.

இருட்டியதும் அந்தப் பிள்ளைகளோடு ஊர் எல்லைவரை நடந்தேன். எங்கோ கண்கிளப்பி அழுதது. ஒரு சிறுமி, “குரல் நகருது தாத்தா!” என்றாள்.

அன்றிரவு எங்களை அழைத்த குரல் யாருடையது? வழிப்போக்கர் எவரேனுமா? காற்றா? இருவருக்கும் ஒருசேர நேர்ந்த மயக்கமா? ஐம்பது ஆண்டுகளாகியும் எனக்குத் தெரியவில்லை. என் நன்னா சொன்னதையே நானும் சொல்கிறேன்: அல்லாஹ்தான் அறிவான். உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது நீங்களும் அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். மெருகேற்ற வேண்டாம்.