ரெண்டு இஞ்ச் உயரமும் ஒரு பிரேக் ஓஸும்

நான் பி.காம் மூணாவது வருஷம். எனக்கும் ஸ்பேனருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனா போன லீவுல போடிநாயக்கனூர் மாமா வீட்டுல, ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கிடக்க வேண்டியதாப் போச்சு.

மாமாவுக்கு மலை மேல சின்னதா ஒரு ஏலத்தோட்டம். தினமும் காலையில போடிமெட்டு ஏறி, காய் எடுக்கற ஆளுங்களைக் கொண்டுபோய் விடறது அந்த ஜீப்தான். தோட்டத்துப் பாதையில அடியில கல்லு இடிக்குதுன்னு, லீஃப் ஸ்பிரிங்கை மாத்தி பாடியை ரெண்டு இஞ்ச் தூக்கிட்டார். கூடவே, விட்டத்துல ரெண்டு இஞ்ச் பெரிய டயர். வண்டி சும்மா யானைக்குட்டி மாதிரி நின்னுச்சு.

ஓட்டிப் பார்த்தா ரெண்டு பிரச்சனை. பள்ளத்துல இறங்கறப்போ டயர் மட்கார்டுல உரசி கரகரன்னு சத்தம். அடியில கல்லும் இன்னும் இடிக்குது! "இவ்வளவு தூக்கியும் எப்படி மாப்ள இடிக்கும்?"னு என்கிட்டயே கேட்டார். பேலன்ஸ் ஷீட் போடறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?

பக்கத்துத் தெரு லாரி மெக்கானிக் அண்ணன் வந்து விளக்கினார். அடியில முதல்ல இடிக்கறது அச்சு நடுவுல உருண்டையா இருக்கற டிஃபரன்ஷியல். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் மேல போகும், அச்சு அதே இடத்துலதான் இருக்கும். அதை உயர்த்தறது டயர் மட்டும்தான். ரெண்டு இஞ்ச் பெரிய டயருக்கு, கிடைச்சது ஒரு இஞ்ச்.

டயர் ஏன் உரசுது? ஸ்பிரிங் முழுசா அமுங்கறப்போ அச்சு முட்டி நிக்க ஒரு ரப்பர் கட்டை இருக்கு. வண்டியைத் தூக்கினாலும் அந்தக் கட்டை பழைய இடத்துலதான். அதனால குழியில அச்சு பழைய உயரம் வரைக்கும் ஏறும், பெரிய டயர் மட்கார்டுல போய் இடிக்கும்.

சமதரையில நிறுத்திப் பார்த்தா எதுவும் தெரியாதுன்னார். வலது முன்சக்கரத்தை மட்டும் கல் அடுக்கி ஏத்தி, இடது பக்கம் தொங்கற மாதிரி வச்சு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிக்கச் சொன்னார். அப்பத்தான் அதைப் பார்த்தோம். தொங்கற பக்கம் பிரேக் ஓஸ் வீணைக் கம்பி மாதிரி விறைச்சு நின்னுச்சு. ஷாக் அப்சார்பரும் முழுசா நீண்டு முடிஞ்சிருந்தது.

மாமா ஒரு வார்த்தை பேசல. அந்த ஓஸ் பிஞ்சா ஆயில் மொத்தமும் கொட்டிடும், பெடல் தரையைத் தொடும். வளைவுல, பின்னாடி எட்டுப் பேரோட. டயர் சத்தம் போட்டு எச்சரிச்சது. ஓஸ் சத்தமே போடல.

சரிபண்ண வழி இருக்கு: நீளமான ஓஸ், நீளமான ஷாக், ரப்பர் கட்டையைக் கொஞ்சம் கீழ இறக்கறது, ஸ்டியரிங் ஒடிப்பைக் குறைக்கறது, புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணத்தைப் பார்க்கறது. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அளவை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. மாமா மறுநாளே பழைய ஸ்பிரிங், பழைய டயரைத் திரும்ப மாட்டிட்டார். பாதையில துருத்தின கல்லுல நாலைஞ்சைக் கடப்பாறை போட்டுப் பெயர்த்தோம். செலவு எங்க முதுகுவலி மட்டும்.

முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லித் தந்ததுதான்: ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் உண்டு. ரெண்டு இஞ்ச் வரவு எழுதின மாமா, பற்று எங்க போய் விழுந்துச்சுன்னு பார்க்கல. நல்லவேளை, மலை ஏறறதுக்கு முன்னாடியே கணக்கு டேலி ஆச்சு.

உங்க வீட்டுலயும் யாராவது வண்டியைத் தூக்கி வச்சிருந்தா, ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டு அடியில எட்டிப் பாருங்க. சட்டை அழுக்காகும், பரவாயில்லை.