சாரதியற்ற வாகனமும் வற்றாப்பளைத் தெருவும்

தன்னியக்க வாகனம் பற்றிப் பேச்செழுந்தவுடனேயே நம்மவருட் சிலர் புட்பக விமானத்திலும் சீவகசிந்தாமணியின் மயிற்பொறியிலும் தொடங்கிவிடுகின்றனர். பழைமைப் பற்று நல்லதே. ஆயினும் மயிற்பொறி, ஒருவர் கையால் திருகத் திருக எழுந்தும் இறங்கியும் சென்ற பொறியேயன்றித் தானே வழி தேர்ந்த பொறியன்று. வழி தேர்தலே இங்கு வினா. சக்கரமும் இயந்திரமும் எரிபொருளும் சென்ற நூற்றாண்டிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்ட விடயங்கள். ஆசனத்தில் அமர்ந்திருந்த மனிதனின் கண்ணையும் தீர்ப்பையும் எங்ஙனம் ஒரு பொறிக்கு மாற்றுவது என்பதே இத்துறையின் முழுப் பாடமும் ஆகும்.

கலைப்பீட மாணவனாகிய நான் இதைப்பற்றி எழுத நேர்ந்தமைக்குக் காரணம் என் தமக்கையார். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத்திற் பட்டம் பெற்ற அவர், தன்னியக்க வாகனப் பொறியியலில் முதுமாணிப் படிப்புக்கென வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார். 'இத்துறையை ஏன் தேர்ந்தீர்?' என்னும் வினாவுக்கு விண்ணப்பதாரி ஒரு சிறு கட்டுரை எழுதியனுப்புதல் வேண்டும். கணக்குப் போடத் தெரிந்த அளவுக்கு வசனம் எழுத வராது என்று கூறி அதனைத் திருத்தும் பொறுப்பை என்னிடம் தந்தார். திருத்துவதற்கு முதலில் விளங்க வேண்டுமல்லவா? அவ்வாறே அவருடைய பாடநூல்கள் என் மேசைக்கும் வந்தன.

எங்கள் தந்தையார் முப்பது ஆண்டுகளாக உழவு இயந்திரம் செலுத்திப் பிழைப்பவர். மகள் படிக்கப்போகும் படிப்பை அவருக்கு விளக்கியபோது, தம் தொழில் பறிபோகும் என்று அவர் அஞ்சவில்லை. "சாரதி இல்லாட்டி, ஒண்டு நடந்தா ஆர் பிள்ளை பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார். "அதைத்தானப்பா படிக்கப் போறன்" என்றார் தமக்கையார். வாய்ச்சாதுரியம் போலத் தோன்றினாலும் அவ்விடை சொல்லுக்குச் சொல் உண்மையானது.

இளமாணிப் படிப்பில் ஒரு கணக்கின் விடையைக் காணக் கற்பிக்கின்றனர். பட்டப்பின் படிப்பிலோ அவ்விடை எவ்வளவு தூரம் பிழைக்கக்கூடும் என்பதைக் கணிக்கக் கற்பிக்கின்றனர். நான் புரிந்துகொண்ட அளவில் வேறுபாடு இதுவே. தன்னியக்க வாகனம் தான் எங்கே நிற்கிறது என்பதை ஒருபோதும் ஐயமற அறிவதில்லை. செய்மதி தரும் இடக்குறிப்பு சில மீற்றர் பிசகும். சக்கரத்தின் சுழற்சியை எண்ணினால் மணலில் வழுக்கும். ஒளிக்கதிரை வீசித் தூரமளக்கும் லைடார் என்னும் கருவியை மழை குழப்பும். கமெரா எதிர்வெயிலிற் குருடாகும். பொய்யும் மெய்யும் கலந்து பேசும் இந்தச் சாட்சிகளை ஒருங்கே விசாரித்து, ஒவ்வொருவரையும் எந்த அளவுக்கு நம்பலாம் என நிறுத்து, இன்ன இடத்தில் இன்ன அளவு ஐயத்துடன் நிற்கிறோம் என்று முடிவுகட்டல் வேண்டும். ருடோல்ஃப் கால்மன் 1960 இல் வெளியிட்ட கணித முறையே இவ்விசாரணைக்கு இன்றும் அடிப்படை. வரலாற்று மாணவன் சாசனத்தையும் செவிவழிக் கதையையும் ஒப்புநோக்கும் முறையினின்று இது வெகுதூரத்தில் இல்லை என்று சொன்னபோது, தமக்கையார் சிரித்தாரேயன்றி மறுக்கவில்லை.

இத்துறையின் வரலாற்றை அமெரிக்காவிலிருந்தே தொடங்குவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் என்பவர் 1980களிலேயே கமெராவின் துணைகொண்டு தானே ஓடும் வாகனத்தை ஓட்டிக் காட்டியிருந்தார். ஆயினும் உலகின் கண்ணைத் திருப்பியது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டார்ப்பா நிறுவனம் நடத்திய பாலைவனப் போட்டியே. 2004 இல் மொஹாவிப் பாலைவனத்தில் 15 வாகனங்கள் புறப்பட்டன. எதுவும் எல்லையை அடையவில்லை. மிகத் தொலைவு சென்றதும் 12 கிலோமீற்றரைத் தொடவில்லை. அடுத்த ஆண்டே 212 கிலோமீற்றர்ப் பாதையை ஐந்து வாகனங்கள் முடித்தன; ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வாகனம் முதலிடம் பெற்றது. 2020 முதல் பீனிக்ஸ் நகரில், முன்னாசனத்தில் எவருமில்லாத வாடகைக் கார்கள் பொதுமக்களை ஏற்றிச் செல்லத் தொடங்கின.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டிற் படித்த ஒருவருக்கும் இடமுண்டு. கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984 இல் பட்டம் பெற்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற்குப் பட்டப்பின் படிப்புக்குச் சென்றவர் ரகுநாதன் ராஜ்குமார். அங்கு அவர் ஆராய்ந்த பொருளுக்கும் காருக்கும் அன்று யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. ஒரே கணினியிற் பல வேலைகள் போட்டியிடும்போது எது முந்த வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா.

நம்மூர்க் கிணற்றடியில் வைத்து அதனை விளக்கலாம். கிணற்றுக்கு ஒரே ஒரு வாளி. அதனை ஒரு சிறுவன் வைத்திருக்கிறான். வீட்டில் தீப்பிடித்து ஒருவர் ஓடிவருகிறார். வாளி கிடைக்கும்வரை அவர் காத்திருத்தல் வேண்டும். இதற்கிடையில், வாளியே தேவைப்படாத நடுத்தர மதிப்புள்ள பெரியவர்கள் சிலர், வயதில் இளையவன்தானே என்று சிறுவனைக் கிணற்றடிக்கு விடாமல் மறித்துக்கொண்டு நின்று கதைக்கின்றனர். சிறுவன் அள்ளவும் இயலாது. வாளியைக் கொடுக்கவும் இயலாது. வீடு எரிந்துகொண்டேயிருக்கும். வாளியைத் திருப்பிக் கொடுக்கும்வரை, காத்திருப்பவரின் அவசரம் எவ்வளவோ அவ்வளவு மதிப்பைச் சிறுவனுக்கும் தற்காலிகமாக வழங்குவதே இதற்குத் தீர்வு. ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி ஆகிய மூவர் 1990 இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே. 1997 இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி அடிக்கடி தானாகவே மீளத் தொடங்கியபோது, பொறியியலாளர் கண்டுபிடித்த நோய் இக்கிணற்றடிச் சிக்கல். பூமியிலிருந்து அனுப்பிய மருந்தும் இத்தீர்வே. பின்னர் ராஜ்குமார் தன்னியக்க வாகன ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரானார். 2013 இல் அவருடைய குழுவினரின் கார், பிற்ஸ்பேர்க் விமான நிலையம்வரை ஏறத்தாழ 53 கிலோமீற்றர் தூரம் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரை ஏற்றிக்கொண்டு தானே ஓடியது. ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் சிறிதாயிருத்தல் பற்றி நம் மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

வேலைகளின் ஒழுங்கைக் கணிதம் தீர்த்துவிட்டது. வெளியுலகைப் பெயரிடுதலோ அவ்வாறு தீரவில்லை. வாகனம் தன் முன்னே காண்பவற்றைப் பாதை, மனிதர், துவிச்சக்கர வண்டி, மரம் என வகைப்படுத்தியே அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது. இவ்வகைகளை அதற்குக் கற்பிக்க ஆயிரக்கணக்கான படங்களில் மனிதர் கைப்பட எல்லை வரைந்து பெயர் எழுதுகின்றனர். 2016 இல் வெளிவந்த சிற்றிஸ்கேப்ஸ் என்னும் படத்தொகுதி இத்துறையில் அரிச்சுவடி போன்றது. அதன் படங்கள் ஜேர்மனியிலும் அயல்நாடுகளிலுமாக 50 நகரங்களில், பகல் வேளையில், நல்ல காலநிலையில் எடுக்கப்பட்டவை. அந்த அரிச்சுவடியைக் கற்ற பொறிக்குக் கோடிட்ட தெருவும் ஓரத்து நடைபாதையும் தெரியும்; முச்சக்கர வண்டி தெரியாது.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் ரெம்பே நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. அவர் துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு, பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில், இரவில் வீதியைக் கடந்துகொண்டிருந்தார். மோதுவதற்கு 5.6 வினாடிகள் முன்னரே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன என்பதை விசாரணை அறிக்கை காட்டிற்று. கண்டும் பெயரிடத் தெரியவில்லை. வாகனம் என்றது, வேறேதோ என்றது, துவிச்சக்கர வண்டி என்றது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அவர் அதுவரை நகர்ந்துவந்த தடத்தைக் கணக்கில் விட்டுவிட்டுப் புதிதாய்த் தொடங்கிற்று. கடவைக்குப் புறம்பே மனிதர் வீதியைக் கடப்பர் என்ற எண்ணமே அப்பொறியின் அமைப்பில் இருக்கவில்லை. காரிலிருந்த கண்காணிப்பாளரோ தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தின்மீது குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. கண்காணிப்பாளர் 2023 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். தந்தையார் கேட்ட கேள்விக்கு ஒரு நாடு அளித்த விடை இது. அது போதுமான விடை என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அவ்வறிக்கையை வாசித்த மாலையில், வீட்டுப் படலையடியில் நின்று தெருவைப் பார்த்தேன். விறகு கட்டிய துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் சென்றார். புல்லுக் கட்டுடன் இன்னொருவர். பாதசாரிக் கடவை என்ற பொருளை எங்கள் தெரு அறியாது. ரெம்பேயில் அரிதாயிருந்த காட்சி, முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்கு வரும் வழியில் நாள்தோறும் காணும் காட்சி. அறுவடைக் காலத்தில் தார்வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவைத்து, ஓரங்களிற் கல் வைத்திருப்பர். எந்தக் கருவியால் அளந்தாலும் அது சமதளம், தடையில்லை, சக்கரம் ஏறலாம். ஆயினும் எங்கள் பகுதிச் சாரதி எவரும் ஏற்றமாட்டார். அது பாதையன்று, ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு என்பது அவருக்குத் தெரியும். இரவில் வீதியின் இளஞ்சூட்டுக்காக மாடுகள் தார்மேற் படுத்திருக்கும். ஒலியெழுப்பினால் எழும்பா, விளக்கைத் தணித்து, மெல்ல விலகிச் செல்ல வேண்டும். வீதி ஒழுங்கு நூல் எதிலும் எழுதப்படாத இவ்வறிவைச் சாரதித்தொழிலின் ஒரு பகுதி என்பதா, அயலவர் உறவு என்பதா?

இக்குறையை உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. ஐதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் இன்ரெல் நிறுவனத்தோடு சேர்ந்து, ஐதராபாத், பெங்களூர்ப் பகுதி வீதிகளில் எடுத்த 10,000 படங்களை 34 வகைகளிற் பெயரிட்டு 2018 இல் வெளியிட்டது. முச்சக்கர வண்டிக்கும் விலங்குக்கும் அதில் இடமுண்டு. தார் முடிந்த இடத்திலும் தேவை நேர்ந்தால் வண்டி இறங்கக்கூடிய மண்ணோரத்துக்குத் தனிவகை ஒன்றும் உண்டு. மண்ணோரம் ஒரு வகையாக ஏற்கப்பட்டதைப் பெரும் முன்னேற்றம் என்றே கொள்வேன். எனினும் நெல்லுக்கு வகையில்லை.

வன்னியில் மண்ணோரத்துக்கு வேறொரு பொருளும் உண்டு. 2009 இன் பின் மீளக்குடியேறிய எம்மவர் பிள்ளைகளுக்கு முதலிற் சொல்லிக்கொடுத்தது, பாதையை விட்டு இறங்காதே என்பதே. மிதிவெடிகளை அகற்றும் பணி இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே நடைபெறுகிறது. முகக் கவசம் அணிந்த பெண்கள் பலர் முழந்தாளிட்டு, இரும்பு வாரியால் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுகின்றனர். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. மனிதரை ஏற்றாத வாகனம் மனித உயிருக்கு நேரடியாகப் பயன்படும் நிலம் ஒன்று உண்டெனின் அது இதுவே. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்காரவும் அவர் மாணவரும் இதனை எடுத்து ஆராய்ந்தனர். பற்றைக்காட்டு நிலத்திற் செல்லும் சிறு இயந்திரத்தையும், வெடிமருந்தை மோந்தறியப் பழக்கிய கீரிப்பிள்ளையையும் ஒன்றாகப் பிணைத்து அவர்கள் செய்த பரிசோதனை 2008 அளவில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. இயந்திரம் வழியைக் காக்கும். கீரி மணத்தைக் காக்கும். மனிதர் தொலைவில் நிற்பர். பொறிக்குத் தெரியாததைத் தெரிந்த ஒன்றிடம் கேட்டறியும் பணிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. கோடிக்கணக்கான டொலர் செலவிட்ட கார்களைவிட அது என்னை ஈர்க்கிறது. கலைப்பீடத்தான் தீர்ப்பு என்று பொறியியற்பீட நண்பர்கள் தள்ளிவிடலாம்.

தமக்கையாரின் கட்டுரையில் இருந்த 'உலகத் தரம்', 'எதிர்காலத் தொழில்நுட்பம்' முதலிய சொற்களை நான் வெட்டினேன். நெல்லையும் மாட்டையும் விறகுச் சைக்கிளையும் எழுதும்படி கூறினேன். பின்தங்கிய ஊர் என்று நினைப்பார்களே என அவர் தயங்கினார். இருநாள் வாக்குவாதத்தின் பின் நெல் மட்டும் உள்ளே சென்றது. இடம் கிடைத்தது. பணத்துக்குத் தந்தையார் காணியின் ஒரு பகுதியை ஈடு வைக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. போனால் திரும்பி வருவாளா என்ற கேள்வியை வீட்டில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. திரும்பி வந்தால் இப்படிப்புக்கு வன்னியில் என்ன வேலை என்பதற்கும் அவரிடம் உறுதியான விடையில்லை.

எனினும் வேலை தொடங்கிவிட்டது. சென்ற வைகாசிப் பொங்கலன்று, காட்டா விநாயகர் ஆலயத்திலிருந்து மடைப்பண்டம் எடுத்துவரும் வழியெங்கும் சனம் நிறைந்திருந்தபோது, தந்தையாரின் உழவு இயந்திரத்தின் முன்புறம் தொலைபேசியைக் கட்டி அவர் படமெடுத்தார். இப்போது இரவுகளில் இருவரும் அமர்ந்து அப்படங்களில் எல்லை வரைந்து பெயரிடுகிறோம். பாற்செம்பு ஏந்தியவர் எளிது. கற்பூரச் சட்டியோடு வந்தவருக்கு, சட்டியையும் சேர்த்து எல்லை வரைவதா என்று அரைமணி நேரம் போனது. தூக்குக்காவடி வந்த படத்தில் நின்றுவிட்டோம். உழவு இயந்திரத்தின் மேல் மரச்சட்டம். சட்டத்திலிருந்து முதுகுச் செடிலிற் தொங்கும் ஒரு மனிதர். கீழே கயிற்றைப் பிடித்தபடி நாலைந்து பேர். வாகனமா, மனிதரா? தமக்கையார் வாகனம் என்றார். நான் மனிதர் என்றேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தந்தையார், "அவர் அசையிறார், கவனமாப் போகோணும் எண்டு போடு" என்றார். அப்படியொரு வகை பட்டியலில் இல்லை. இப்போது சேர்த்திருக்கிறோம், இதுவரை அதில் பதினேழு படங்கள் உள்ளன.