சொல் சென்று சேரும் இடம்

'பலாகத்' என்னும் அரபுச் சொல்லை நாம் 'சொல்வன்மை' என்று தமிழில் வழங்குகிறோம். ஆனால் அதன் வேர்ச்சொல்லுக்குப் பேச்சோடு நேரான தொடர்பில்லை. 'போய்ச் சேர்தல்' என்பதே அதன் பொருள். பிள்ளை பருவத்தை எட்டினால் 'பாலிகு' என்கிறோம். செய்தியை உரியவரிடம் சேர்ப்பதைத் 'தப்லீக்' என்கிறோம். யாவும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. இதைப் பல ஆண்டுகள் மாணவர்க்கு விளக்கி வந்தவன் நான். அதன் பொருளை நான் உணர்ந்ததோ, ஒரு தாயின் முன் தலைகுனிந்து நின்ற நாளில்தான்.

1996ஆம் ஆண்டு அது. காலையில் சிறுபிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பேன். பகலில் மேல் வகுப்பாருக்குப் பலாகத் பாடம் நடத்துவேன். ஓத வந்த பிள்ளைகளுள் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அடக்கமானவன். ஆனால் 'ஸீன்' என்றால் 'ஸாத்' என்பான். 'ஸாத்' என்றால் விழிப்பான். நான் கரும்பலகையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே எழுதுவேன். பின்புறத் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. பாட முடிவில் திரும்பி, "விளங்கிச்சா?" என்பேன். "விளங்கிச்சு ஆலிம்சா!" என்று நாற்பது குரல்கள் ஒன்றாய் எழும். அவன் வாயும் அசையும்.

ஒருநாள் பொறுமை இழந்தேன். "காதில் பஞ்சையா அடைத்து வைத்திருக்கிறாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டு, அவனை வாசற்படியில் உட்கார வைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவன் வரவில்லை; பிறகு வரவே இல்லை.

சில மாதங்கள் கழித்து அவன் தாயார் வந்து கதவோரம் நின்றார். "ஆலிம்சா, எம் புள்ளைக்குக் காது மந்தமாம். டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாரு. முகத்தைப் பார்த்துப் பேசினா விளங்கிக்குவானாம். எங்களுக்கே தெரியாமப் போச்சு. நீங்களும் தெரிஞ்சுக்கணும்னு சொல்ல வந்தேன்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பெற்றவர்க்கே எப்படித் தெரியாமற்போயிற்று என்ற வினா என்னை விடவில்லை. விடை பல ஆண்டுகளுக்குப் பின், கல்லூரியில் தகவல் தொடர்பியல் பயின்ற என் மகளின் பாடநூலில் கிடைத்தது. 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் என்னும் கணித அறிஞர், செய்தி செல்லும் வழியைப் பகுத்துக் காட்டினார். செய்தி பிறக்கும் இடம், அதைக் குறிகளாக்கி அனுப்பும் கருவி, செல்லும் தடம், வாங்கும் கருவி, சென்றடையும் இடம் என உறுப்புகள் ஐந்து. தடத்தின் நடுவே புகுந்து கெடுப்பது இரைச்சல். மனிதப் பேச்சைவிடத் தொலைபேசியையும் தந்தியையுமே அவர் முதன்மையாகக் கருதினார். சொல்லின் பொருள் தம் ஆய்வுக்கு வெளியே என்றும் ஒதுக்கினார். ஆயினும் அந்தப் படத்தில் என் வகுப்பறையைக் கண்டேன். தறிச் சத்தம்கூட அதில் இருந்தது.

ஷானன் இன்னொன்றும் சொன்னார். எந்த மொழியிலும் தேவைக்கு மேற்பட்ட மிகை உண்டு. ஆங்கில எழுத்து நடையில் அது ஏறத்தாழப் பாதி என்று கணக்கிட்டார். அந்த மிகை வீண் அன்று. சில எழுத்துகள் அழிந்தாலும் நாம் வாக்கியத்தைப் படித்துவிடுவது அதனால்தான். வீட்டில் "சோறு தின்ன வா" என்று உம்மா அழைக்கையில், பாதி காதில் விழுந்தாலும் வேளையும் தட்டும் மீதியைச் சொல்லிவிடும். ஆனால் 'ஸீன்', 'ஸாத்' எனத் தனி எழுத்தாய் ஒலிக்கும்போது துணைக்கு எதுவும் இல்லை. கேள்வி குன்றியவர் பலருக்கு முதலில் நழுவுவதும் சகர வகையைச் சேர்ந்த மென்சீற்றொலிகளே. வீட்டில் மறைந்திருந்த குறை என் பாடத்தில்தான் வெளிப்பட்டது. அதைக் கண்டறியும் வாய்ப்பு எனக்கே முதலில் கிடைத்தது. நானோ அதைச் சோம்பல் என்று பெயரிட்டேன்.

ஷானனின் படத்தில் செய்தி ஒரே திசையில் செல்கிறது. 1954இல் வில்பர் ஷ்ராம் என்னும் அறிஞர் அதை வட்டமாக வளைத்தார். கேட்பவனும் மறுமொழி அனுப்புகிறான். அதைக் கண்டு சொல்பவன் தன்னைத் திருத்திக்கொள்கிறான். இதைப் பின்னூட்டம் என்கிறார்கள். படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆசிரியர் ஓத, மாணவன் திருப்பி ஓத, ஆசிரியர் காதுகொடுத்துத் திருத்துவது நம் ஓதல் மரபின் உயிர்நாடி அல்லவா? அந்த மரபில் வளர்ந்த நான், நாற்பது பிள்ளைகளின் கூட்டுக் குரலைப் பின்னூட்டம் என்று நம்பினேன். "விளங்கிச்சா?" என்பது கேள்வியே அன்று, 'ஆம்' என்னும் விடையைக் கைப்பிடித்து இழுத்துவரும் கயிறு.

நம் முன்னோர் நூல்களில் இதற்கு வழிகாட்டுதல் இல்லையா? நிறைய உண்டு. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், கருத்தை வெளிப்படுத்தும் வழிகள் ஐந்து என்று வகுத்தார்: சொல், சைகை, விரற்கணக்கு, எழுத்து, பேசாமலே பேசும் நிலை. அந்தப் பையனின் முகநிலை அன்றாடம் பேசிற்று, நான் படிக்கவில்லை. பலாகத் நூல்கள் கேட்போரை மூவகைப்படுத்தும்: செய்தியறியாத வெறுமனத்தார், ஐயுறுவோர், மறுப்போர். அவரவர் நிலைக்கேற்பப் பேச்சில் அழுத்தம் கூட்டவேண்டும் என்பது விதி. இதை மேல் வகுப்பில் மனப்பாடமாய் ஒப்பித்தவன், கீழ் வகுப்பில் நாலாவது வகையினன் ஒருவன் இருப்பதை அறியவில்லை. நம்பவும் மறுக்கவும் ஆயத்தமாக இருந்தும், சொல் வந்தே சேராதவன் அவன்.

அன்று முதல் "விளங்கிச்சா?" என்று நான் கேட்பதில்லை. "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பார்ப்போம்" என்கிறேன். எழுதி முடித்து, திரும்பி, முகம் பார்த்துப் பேசுகிறேன். தடுமாறும் பிள்ளையை முன்வரிசைக்கு அழைத்துக்கொள்கிறேன். இவை சிறு மாற்றங்களே. ஆனால் இவற்றுக்கு ஒரு பிள்ளையின் ஓதல் விலையாகப் போயிற்று.

சென்ற ஆண்டு பக்கத்து ஊர்த் துணிக்கடை ஒன்றில் அவனைக் கண்டேன். கல்லாவில் இருந்தான், காதில் கருவி. "வாங்க ஆலிம்சா" என்று எழுந்து நின்றான். இத்தனை ஆண்டுகள் சுமந்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிற்று. கடையில் கூட்டம், மேலே மின்விசிறியின் ஓசை. கூச்சத்தால் தரையைப் பார்த்தபடியே, "என்னை மன்னிச்சிடு வாப்பா" என்றேன். மறுமொழி வரவில்லை. மனம் நொந்தது.

அவன் மேசையைச் சுற்றி வந்து என் எதிரே நின்றான். "ஆலிம்சா, கொஞ்சம் நிமிர்ந்து சொல்லுங்க. முகத்தைப் பார்த்தாத்தான் எனக்கு விளங்கும்" என்றான்.

நிமிர்ந்தேன். மறுபடியும் சொன்னேன்.